இராக்காலத்து ஏவலாள்

ஊர்ச் சங்கம், பழைய மாணவர் மன்றம், புடைவைக் கடை, கோவிற் பரிபாலன சபை, இவற்றுள் எதனை எடுத்தாலும் இன்று அதற்கென ஓர் இணையத்தளம் உண்டு. அதனைத் தொடக்கிவைத்த நாளில் மாலையும் மரியாதையும் நடந்திருக்கும். படமெடுத்துப் பத்திரிகையிலும் போட்டிருப்பார்கள். அதன் பின்னர் அத்தளத்தைத் துடைத்துப் பெருக்கி வைப்பவர் யார் என்று விசாரித்தால், தலைவர் செயலாளரைப் பார்க்கின்றார். செயலாளர் தளத்தைக் கட்டிக்கொடுத்த பையனைச் சொல்லுகின்றார். பையன் கனடாவுக்குப் போய் மூன்று வருடமாகிவிட்டது. இத்தகைய தளங்களைக் குறித்தே இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகின்றோம். பேச்சில் இயந்திர நுட்பம் சிறிது கலக்கும், அதற்கு அஞ்சவேண்டுவதில்லை. தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த இல்லத்தரசிகள் நம் நேயர்களிற் பலர். இது அதனிலும் கடினமான காரியமன்று.

இத்தளங்களிற் பெரும்பாலானவை வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளின்மீது எழுப்பப்பட்டவை. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர், கவனிப்பாரற்றுக் கிடந்த வேறொரு மென்பொருளை எடுத்துத் திருத்தி, 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் இதனை வெளியிட்டனர். எவரும் இலவசமாகப் பெறலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்னும் உரிமத்தோடு வந்தமையால் உலகெங்கும் பரவிற்று. இன்றைய இணையத்தளங்களிற் பத்துக்கு நான்கு இதன்மேல் நிற்பவை என்று கணக்கெடுப்போர் சொல்லுகின்றனர்.

வேர்ட்பிரஸ் தனியே நின்றால் வெறும் சுவரும் கூரையுமே. கடை வைக்க, படிவம் நிரப்பி அனுப்ப, படங்களை வரிசையாகக் காட்ட எனத் தனித்தனியே செருகிக்கொள்ளும் துண்டுகளுக்குப் பிளகின் என்று பெயர். தளத்தின் உடுப்பு, அஃதாவது அதன் நிறமும் எழுத்தும் அமைப்பும், தீம் எனப்படும். சாதாரணத் தளமொன்றிற் பத்துப் பதினைந்து பிளகின்கள் இருப்பது வழக்கம். ஒவ்வொன்றையும் எழுதியவர் வெவ்வேறு தேசத்து வெவ்வேறு மனிதர். அவர்கள் எழுதியவற்றில் ஓட்டைகள் வெளிப்படுவதுண்டு; வெளிப்பட்டதும் அடைத்துப் புதிய பதிப்பை விடுவர். அப்பதிப்பை எடுத்துப் பழையதன் இடத்தில் வைப்பதே புதுப்பித்தல்.

கேட்பதற்குச் சிறு காரியம். விட்டுவைத்தால் என்ன நேரும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு நிகழ்ந்ததைச் சொல்லுகின்றோம். வேர்ட்பிரஸின் 4.7 என்னும் பதிப்பில், கடவுச்சொல் அறியாத அந்நியரும் பிறர் எழுதிய பக்கத்தை மாற்றிவிடக்கூடிய ஓர் ஓட்டை இருந்தது. அதனை அடைத்த 4.7.2 பதிப்பு ஜனவரி 26ஆந் தேதி வெளிவந்தது. வெளியிட்டவர்கள் விவேகிகள், ஓட்டை இன்னதென்று உடனே சொல்லாமல், மக்கள் புதுப்பித்துக்கொள்ளச் சில நாள் அவகாசம் விட்டு, பெப்ரவரி 1ஆந் தேதியே பகிரங்கப்படுத்தினர். பகிரங்கமான சில நாட்களுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அலங்கோலமாக்கப்பட்டன. சிறு திருத்தங்களைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு 2013 முதலே வேர்ட்பிரஸில் இருந்துவந்தது. அதனை நிறுத்திவைத்திருந்தவர்களும், ஏதோ காரணத்தால் அது இயங்கப்பெறாதவர்களுமே அகப்பட்டுக்கொண்டனர்.

பிளகின்களின் கதை இதனினும் பொல்லாதது. ஏழு இலட்சம் தளங்களிற் பாவனையிலிருந்த பைல் மனேஜர் என்னும் பிளகினின் ஓட்டையை அடைத்து 2020 செப்டெம்பர் 1ஆந் தேதி புதிய பதிப்பு வந்தபோது, கள்ளர் அதற்கு முன்னரே நுழையத் தொடங்கிவிட்டனர். அப்படியான சமயங்களில் ஒரு நாட் தாமதமும் தாமதமே.

“நம்முடைய சிறு தளத்தில் திருடுவதற்கு என்ன இருக்கின்றது?” என்று கேட்பவர் உளர். கள்ளன் மனிதனாயிருந்தால் அக்கேள்வி பொருந்தும். தெருவிலுள்ள கதவுகளை ஒன்றுவிடாமல் தள்ளிப் பார்த்துக்கொண்டு செல்லும் இயந்திர நிரல் அவன். எந்தக் கதவு திறக்கின்றதோ அவ்வீட்டைத் தன் கந்தோராக்கிக்கொண்டு, பொய் மருந்து விளம்பரத்தையும் மோசடிக் கடிதங்களையும் அங்கிருந்து அனுப்புவான். சில நாளில் கூகிள் அத்தளத்தை அபாயமானதென்று சிவப்பிற் குறித்துவிடும். கோவிற் கொடியேற்றம் எப்போதென்று பார்க்க வந்த அடியார், “உள்ளே செல்லாதீர்” என்னும் எச்சரிக்கையைக் கண்டு திரும்பிப்போவார்.

ஆகையால் புதுப்பிக்கவேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. எவ்வாறு என்பதே கேள்வி.

ஒரே ஒரு தளம் மாத்திரம் வைத்திருப்பவர்க்கு எளிய வழியுண்டு. 2020 ஓகஸ்டில் வெளிவந்த 5.5 பதிப்பு முதலாக, நிருவாகப் பக்கத்தில் ஒவ்வொரு பிளகினுக்கும் தீமுக்கும் எதிரே, அதனைத் தானாகவே புதுப்பிக்கச் செய்யும் ஒரு தெரிவு இருக்கின்றது. அதனை அழுத்திவிட்டாற் பெரும்பாலும் போதும். ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. வேர்ட்பிரஸின் உள்ளிருக்கும் கடிகாரம், யாராவது தளத்துக்கு வரும்போது மாத்திரமே மணி பார்க்கும். ஆளரவமற்ற தளத்தில் அதுவும் உறங்கிக் கிடக்கும். மேலும், முதலிற் பிரதி எடு, அதன் பின் புதுப்பி, அதன் பின் சோதித்துப் பார் என்று வரிசை சொல்லிக் கட்டளையிட அதில் இடமில்லை. ஐந்தாறு தளங்களைப் பராமரிப்பவர்க்கோ, ஒவ்வொன்றிலும் நுழைந்து நுழைந்து பொத்தான் அழுத்துவதிலேயே ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிடும்.

அவர்களுக்காகவே டபிள்யூபி-சீஎல்ஐ என்னும் கருவி இருக்கின்றது. 2011ஆம் ஆண்டு அன்ட்ரியாஸ் கிரெற்றன் என்பவர் தொடங்கியது. பின்னர் வேறு சிலர் கையேற்று வளர்த்து, இப்போது வேர்ட்பிரஸ் திட்டத்தின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. இதற்குப் படமுமில்லை, பொத்தானுமில்லை. கரிய திரையில் ஓர் ஆணையை எழுதி என்ரரைத் தட்டினாற் செய்யும், செய்ததைச் சில வரிகளிற் சொல்லும், வாய்மூடும்.

ஆணைகளை ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும். நாம் இங்கே அவற்றின் ஓசையை மாத்திரம் தருகின்றோம். ‘டபிள்யூபி பிளகின் அப்டேட்’ என்றெழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளிட்டு ‘ஆல்’ என்று முடித்தால், தளத்திலுள்ள பிளகின் அனைத்தும் புதுப்பிக்கப்படும். ‘பிளகின்’ என்ற இடத்தில் ‘தீம்’ என்றால் தீம் அனைத்தும். ‘டபிள்யூபி கோர் அப்டேட்’ என்றால் வேர்ட்பிரஸே புதிதாகும். பல தளங்களை வைத்திருப்பவர் அவற்றின் இருப்பிடங்களை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டால், ஒரே ஆணை எல்லாவற்றிலும் ஓடும். அந்த ஆணையையும் நாமே எழுதவேண்டியதில்லை; சேர்வரிலுள்ள க்ரொன் என்னும் மணிக்கூட்டுக்காரனிடம் ஒருமுறை சொல்லிவைத்தால் நாள்தோறும் தவறாமல் அவன் நினைவூட்டுவான்.

இவ்வாறு பேசாமல் உழைக்கும் ஏவலாளைப் பெற்றவுடன், எல்லாவற்றையும் அவன் தலையில் ஏற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளலாமென்று தோன்றும். அங்கேதான் நாம் நேயர்களைச் சற்று நிறுத்துகின்றோம். மறதியென்னும் குறையை இக்கருவி நீக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வதன்றி, சொல்லாததை ஊகித்துச் செய்யும் வேலையாளன்று இது. எதனை, எந்த வரிசையில் சொல்லுகின்றோம் என்பதிலேதான் நன்மையும் தீமையும் தங்கியிருக்கின்றன.

முதலிற் சொல்லவேண்டியது பிரதி எடுக்கும்படி. ‘டபிள்யூபி டிபி எக்ஸ்போர்ட்’ என்னும் ஆணை, கட்டுரைகள், கணக்குகள், கடையின் கட்டளைகள் எல்லாம் அடங்கிய தரவுத்தளத்தை ஒரே கோப்பாக எழுதித் தரும். இதிற் பலர் இரண்டு இடங்களில் வழுக்கி விழுகின்றனர். படங்களும், பிளகின் தீம் கோப்புகளும் அந்தப் பிரதியில் இல்லை. அவற்றைத் தனியே படியெடுக்கவேண்டும். மற்றது, வேறு இடம் குறிப்பிடாவிட்டால் நாம் நிற்கும் கோப்புறையிலேயே அது பிரதியை வைத்துவிடும். அக்கோப்புறை தளத்தின் முன்வாசலாக இருக்குமாயின், காணி உறுதிகளையெல்லாம் படியெடுத்துத் தெருத்திண்ணையில் வைத்த கதைதான். பிரதி தளத்துக்கு வெளியேயுள்ள கோப்புறைக்கும், அங்கிருந்து வேறொரு கணினிக்கும் போய்ச்சேரவேண்டும். வீடு எரியும்போது வீட்டுக்குள் வைத்த நீர்க்குடமும் சேர்ந்து எரியுமல்லவா?

அடுத்தது ஒத்திகை. புதுப்பிக்கும் ஆணையின் ஈற்றில் இரண்டு கோடுகளோடு ‘ட்ரை-ரன்’ என்று சேர்த்தால், எவை மாறப்போகின்றன, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறப்போகின்றன என்று பட்டியல் மாத்திரம் வரும்; ஒன்றும் மாறாது. அப்பட்டியலைப் பார்க்கையில் எண்களைக் கவனிக்கவேண்டும். 3.4.1 என்பது 3.4.2 ஆனால் பெரும்பாலும் ஓட்டை அடைத்தது. 3.4 என்பது 4.0 ஆனால் வீட்டில் ஓர் அறையையே இடித்துக் கட்டியிருக்கிறார்களென்று கொள்ளலாம். முன்னையதை மாத்திரம் செய் என்று சொல்லுவதற்கு ‘பாட்ச்’ என்னும் சொல்லும், அதனினும் சிறிது கூடுதலாக அனுமதிப்பதற்கு ‘மைனர்’ என்னும் சொல்லும் கருவியில் உண்டு. எல்லா ஆசிரியரும் எண்களை இவ்வொழுங்கில் இடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வேர்ட்பிரஸே 6.4இலிருந்து 6.5க்குச் செல்வதைப் பெரும் மாற்றமாகக் கொள்ளுகின்றது. எனினும் பத்துக்கு எட்டுத் தரம் எண் உண்மை பேசும். குறித்த ஒரு பிளகினை மட்டும் தொடாதே என்பதற்கு ‘எக்ஸ்க்ளூட்’ என்று பெயர் சொல்லி விலக்கலாம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான சேர்வர்கள் நம் நாட்டு நேரத்தை அறியா. உலகப் பொது நேரத்திலேயே ஓடும். எல்லாரும் உறங்கும் வேளை என்றெண்ணி மணிக்கூட்டுக்காரனிடம் 3 என்று எழுதிக்கொடுத்தால், இலங்கையில் காலை எட்டரை மணிக்கு, கடை திறக்கும் நேரத்தில், தளம் திருத்த வேலைக்காகச் சிறிது நேரம் மூடப்பட்டிருக்கின்றது என்னும் அறிவிப்பு வந்து நிற்கும். இங்கே விடியற்காலை மூன்று மணியாக வேண்டுமானால் முதல்நாள் 21.30 என்று எழுதவேண்டும். புதுப்பித்தல் நடுவழியில் அறுந்துபோனால் அவ்வறிவிப்பு அப்படியே நிற்பதுண்டு. பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட அறிவிப்பை வேர்ட்பிரஸ் தானே புறக்கணித்துவிடும் ஆதலாற் பதறவேண்டாம்.

இனி, நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருவோம். நாமறிந்த புடைவைக் கடையொன்றின் தளத்தில், தீபாவளிக்கு முந்திய வாரம், பிளகின்கள் அனைத்தும் இரவோடிரவாகப் புதுப்பிக்கப்பட்டன. காலையில் வந்த அறிக்கை “வெற்றி, ஏழில் ஏழும் புதுப்பிக்கப்பட்டன” என்றது. முகப்புப் பக்கமும் அழகாகவே திறந்தது. ஆனால் சேலையைத் தெரிந்து, விலாசம் எழுதி, கட்டளை அனுப்பும் பொத்தானை அழுத்தினால் அது வாளாவிருந்தது. பிழையென்று ஒரு சொல்லும் வரவில்லை. வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று தரம் அழுத்திப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். நான்கு நாட் கழிந்து, வெளிநாட்டிலிருந்து தாயாருக்குச் சேலை அனுப்ப முயன்ற ஒருவர் தொலைபேசியில் முறையிட்ட பின்னரே முதலாளிக்குச் சங்கதி தெரிந்தது. வருடத்தில் ஒரு வாரமே நடக்கும் வியாபாரம் அது.

பழி கருவியின் தலையில் விழுந்தது. நம் அபிப்பிராயத்தில் அது நியாயமன்று. கோப்புகளை மாற்று என்றார்கள், மாற்றிற்று. மாற்றியதாகவும் சொல்லிற்று. “வெற்றி” என்று அது கூறுவது அவ்வளவுக்கே. படிவத்தை ஒருமுறை நிரப்பி அனுப்பிப் பார் என்று அதனிடம் எவரும் சொல்லவில்லை, தாமும் பார்க்கவில்லை. கடை வைத்திருப்போர் பெரும்பாலும் பாவிக்கும் வூகொமேர்ஸ் பிளகினில், கோப்புகள் புதிதான பின் தரவுத்தளத்தையும் புதிய அமைப்புக்கு மாற்றவேண்டியிருப்பதுண்டு. அதற்குத் தனி ஆணை. அதனை அறியாமல் “ஆல்” என்றொரு சொல்லிலே எல்லாம் அடங்கிவிட்டதென்று நம்புவோர் அநேகர்.

ஆகையால் புதுப்பித்தலுக்குப் பின் இரண்டு சோதனைகள் வேண்டும். முகப்புப் பக்கம் திறக்கின்றதா என்பதனை இயந்திரமே பார்த்து, திறக்காவிட்டாற் கடிதம் அனுப்பும்படி செய்யலாம். பணம் வருகின்ற வாசல் எதுவோ, கட்டளைப் படிவமோ, நன்கொடைப் படிவமோ, அங்கத்துவ விண்ணப்பமோ, அதனைக் காலையில் ஒரு மனிதர் கையால் அழுத்திப் பார்க்கவேண்டும். இரண்டு நிமிட வேலை. பெருஞ் சந்தை நாட்களுக்கு முந்திய வாரத்தில் ஓட்டை அடைக்கும் சிறு திருத்தங்களன்றி வேறெதனையும் தொடாதிருத்தல் உத்தமம். வசதியுள்ளவர் தளத்துக்கு ஒரு நிழற் பிரதி வைத்து, முதலில் அதிற் புதுப்பித்துப் பார்ப்பர்.

தீம் விஷயம் வேறு விதம். தீமைப் புதுப்பிக்கையில் அதன் கோப்புறை முழுவதும் அகற்றப்பட்டுப் புதியது வைக்கப்படும். தளத்தைக் கட்டிய பையன், கோவிலின் பெயரைப் பெரிதாக்கவோ மஞ்சளைக் குங்கும நிறமாக்கவோ அக்கோப்புகளுக்குள்ளேயே கைவைத்துத் திருத்தியிருந்தானானால், அவ்வளவும் ஒரு கணத்தில் மறைந்துபோம். இதற்காகவே பிள்ளைத் தீம் என்றொரு ஏற்பாட்டை வேர்ட்பிரஸ் வைத்திருக்கின்றது. தாய்த் தீமைத் தொடாமல், திருத்தங்களை மாத்திரம் பிள்ளையின் கோப்புறையில் எழுதிவைப்பது. தாய் புதுப்பிக்கப்பட்டாலும் பிள்ளை அப்படியே இருக்கும். நேயர்கள் தம் தளத்தைக் கட்டியவரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவென்போம்: திருத்தங்கள் தாயிலா, பிள்ளையிலா?

தீமின் வயிற்றுக்குள் வேறொரு பொல்லாப்பும் ஒளிந்திருக்கலாம். 2014 டிசெம்பரில் கூகிள் ஒரேயடியாகப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட தளங்களை அபாயமானவை என்று குறித்தது. ஸ்லைடர் ரெவலூஷன் என்னும் படங்காட்டும் பிளகினின் ஓட்டைவழியே அவற்றிற் கள்ளர் புகுந்திருந்தனர். அவ்வோட்டையோ பல மாதங்களுக்கு முன்னரே அடைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் விலைக்கு வாங்கிய தீம்களோடு அப்பிளகினும் கட்டாக வந்திருந்தமையால், தம்மிடம் அது இருப்பதையே பலர் அறிந்திலர். கட்டாக வந்த பிளகினை அத்தீமின் ஆசிரியர் புதுப்பித்துத் தந்தாலன்றி வழியில்லை. விலைகொடுத்து வாங்கிய பிளகின்களும் உரிமத்தின் தவணை முடிந்துவிட்டாற் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். நம் ஏவலாளும் அவற்றைப் பற்றி வாய்திறக்கமாட்டான்.

இவ்வளவும் புதுப்பிக்காமையின் ஆபத்து. புதுப்பித்தலிலேயே ஆபத்து வருவதுமுண்டு என்பதனை மறைத்தால் நாம் நேர்மையானவர்களாகோம். டிஸ்ப்ளே விட்ஜெற்ஸ் என்றொரு பிளகின் இரண்டு இலட்சம் தளங்களில் இருந்தது. எழுதியவர் அதனை விற்றுவிட்டார். வாங்கியவர், 2017இல் வெளியிட்ட பதிப்புகளில், பிறருடைய தளங்களிலே தம் விளம்பரத்தை நுழைக்கும் கள்ளவழியைச் சேர்த்துவிட்டார். பலமுறை நீக்கப்பட்டு, இறுதியாக அவ்வருடம் செப்டெம்பரில் களஞ்சியத்திலிருந்தே அது அகற்றப்பட்டது. 2024 யூனில் இன்னொன்று: பிளகின் ஆசிரியர் சிலரின் கணக்குகளைக் கள்ளர் கைப்பற்றி, அவர்கள் பெயராலேயே நச்சு கலந்த பதிப்புகளை வெளியிட்டனர். அவற்றைப் புதுப்பித்தவர்களின் தளங்களில் அறிமுகமில்லாத நிருவாகி ஒருவர் முளைத்தார். ஒழுங்காக நாள்தோறும் புதுப்பித்தவர்களே அகப்பட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

அப்படியானால் சில நாட் பொறுத்துப் புதுப்பிக்கலாமா? பைல் மனேஜர் விஷயத்தில் அவ்வாறு பொறுத்தவர் கெட்டனர். இரண்டு பக்கமும் நெருப்பு. பிளகின்களின் தொகையைக் குறைப்பதே நாம் கண்ட வழி. பதினைந்து வைத்திருப்பவர் ஏழு வைத்திருந்தால், நம்பவேண்டிய அந்நியரின் தொகையும் பாதியாகின்றது. நிறுத்திவைத்த பிளகினால் தீங்கில்லை என்றெண்ணுவது தவறு. அதன் கோப்புகள் சேர்வரிற் கிடக்கும்வரை ஓட்டையும் கிடக்கும். அவற்றை நீக்கவேண்டும். மேலும், ‘வெரிபை-செக்சம்ஸ்’ என்னும் ஆணை, நம் தளத்திலுள்ள பிளகின் கோப்புகளைக் களஞ்சியத்திலுள்ள மூலத்தோடு ஒப்பிட்டு, யாராவது கைவைத்திருந்தாற் காட்டிக்கொடுக்கும். விலைக்கு வாங்கியவற்றுக்கு அது பொருந்தாது; மூலமே நஞ்சானபோதும் உதவாது. ஆனாலும் வாரமொருமுறை ஓடவைப்பதற்குச் செலவு யாதுமில்லை.

அக்களஞ்சியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இலவசப் பிளகின்களிற் பெரும்பாலானவை வேர்ட்பிரஸ்.ஓர்க் என்னும் ஒரே வாசல்வழியாகவே வருகின்றன. 2024ஆம் ஆண்டு முல்லன்வெக்குக்கும், வாடகைக்குத் தளம் நடத்தும் டபிள்யூபி என்ஜின் நிறுவனத்துக்கும் சச்சரவு மூண்டபோது, செப்டெம்பர் 25ஆந் தேதி அந்நிறுவனத்துக்கு அவ்வாசல் அடைக்கப்பட்டது. அங்கே தளம் வைத்திருந்த, சண்டைக்குச் சம்பந்தமேயில்லாத மக்களுக்கு வழமையான வழியிற் புதுப்பித்தல் நின்றுபோயிற்று. இடையிற் சில நாள் திறந்து மீண்டும் மூடினார்கள். நிறுவனம் தன் செலவில் வேறு வழி அமைத்துக்கொண்டது. டிசெம்பர் 10ஆந் தேதி நீதிமன்றம் தலையிட்டு, முன்னிருந்தபடி திறந்துவிடுமாறு கட்டளையிட்டது. யானைகள் பொருதினால் புல்லுக்குத்தான் சேதம் என்பது இக்காலத்துக்கும் பொருந்துகின்றது.

இவ்வளவையும் சீர்தூக்கி, நம்மிடம் யோசனை கேட்போருக்கு நாம் சொல்லிவருவது இது. ஓட்டை அடைக்கும் சிறு பதிப்புகளை இரவில் ஏவலாளிடம் விட்டுவிடுங்கள். பிரதி எடுத்த பின்னரே செய்யும்படி, பிரதி எடுக்கத் தவறினால் அவ்விடத்திலேயே நின்றுவிடும்படி எழுதிக்கொடுங்கள். அறையை இடித்துக் கட்டும் பெரும் பதிப்புகளை வாரத்தில் ஒருநாள், பகலில், தேநீர்க் கோப்பையும் கையுமாக அமர்ந்து, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் வேண்டாம். உடைந்தால் திங்கள்வரை ஆளகப்படாது. ஆணைகளை ஓட்டுவதற்குச் சேர்வரின் முழு அதிகாரமுள்ள கணக்கைப் பாவிக்கவும் வேண்டாம். கருவியே அதனைத் தடுத்து எச்சரிக்கின்றது. அந்த எச்சரிக்கையை மீறுவதற்கென ஒரு சொல் இருப்பதை எங்கோ பார்த்துக் கொண்டுவந்து ஒட்டுவோரைக் கண்டிருக்கின்றோம்.

எவ்வளவு கவனமாயிருந்தும் ஒருநாள் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகி, நிருவாக வாசலும் திறக்காமற் போகலாம். 2024 யூலையில் வந்த 6.6 பதிப்பு முதலாக, வேர்ட்பிரஸ் தானாகப் புதுப்பித்த பிளகின் தளத்தை வீழ்த்திவிட்டால் பழையதையே மீள வைக்கும் காவலொன்று உண்டு. ஆணைவழியே புதுப்பிப்பவர்க்கு அக்காவல் இல்லை. ஆனால் அவர்களுக்கு வேறொரு திறப்பு இருக்கின்றது. ஆணையோடு ‘ஸ்கிப்-பிளகின்ஸ்’, ‘ஸ்கிப்-தீம்ஸ்’ என்னும் இரண்டையும் சேர்த்தால், பிளகினையும் தீமையும் எழுப்பாமலேயே கருவி உள்ளே நுழையும். குழப்பம் செய்த பிளகினைப் பெயர்சொல்லி நிறுத்தலாம். அல்லது பழைய பதிப்பின் எண்ணைக் கொடுத்து அதனையே மீண்டும் வைக்கலாம். பொத்தான் மாத்திரம் தெரிந்தவர் சேர்வர்க்காரருக்குக் கடிதமெழுதிக் காத்திருக்கும் வேளையில், இவர் ஐந்து நிமிடத்தில் கடையைத் திறந்துவிடுவார். இக்கருவியைப் பழகுவதற்கு இந்த ஒரு வசதியே போதிய காரணமென்பது நம் கட்சி.

தமிழில் தளம் நடத்துவோர்க்கு இன்னுமொரு குறிப்பு. வேர்ட்பிரஸின் மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழுக்கென்றே தனியிடம் உண்டு. மொழிபெயர்ப்புக் கோப்புகளோ பிளகினோடு சேர்ந்து வருவனவல்ல, வேறாக வருவன. பொத்தான்வழிப் புதுப்பித்தலில் அவையும் உடன் வந்துவிடும். ஆணைவழிப் புதுப்பித்தலில் வருவதில்லை. அதனாலேதான், இரவு புதுப்பித்த சில தளங்களில், நேற்றுவரை தமிழிலிருந்த பொத்தானொன்று இன்று காலை ஆங்கிலத்தில் நிற்கின்றது. ‘டபிள்யூபி லாங்க்வேஜ்’ என்று தொடங்கி, கோர், பிளகின், தீம் என்னும் மூன்றுக்கும் தனித்தனியே ‘அப்டேட்’ சொல்லவேண்டும். பின்னிரண்டுக்கும் ‘ஆல்’ உண்டு. மணிக்கூட்டுக்காரனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டில், புதுப்பிக்கும் ஆணைகளுக்குக் கீழே இம்மூன்று வரிகளையும் சேர்த்துக்கொள்க.